பச்சைப் பாலை: ‘எரியும் பனிக்காடு’ நாவலை மறுபடியும் படித்தபோது

அவலூர்பேட்டைப் பங்கில் மாதம் ஒரு முறை, ஞாயிறு மாலையில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு நூலைப் பற்றி உரையாடுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். ஆசிரியர்கள் சிலர், ஓய்வுபெற்ற தபால் அலுவலர் ஒருவர், கல்லூரி மாணவியர் இருவர், மறைக்கல்வி கற்பிக்கும் அன்னையர் எனக் கூட்டம் சிறிது, ஆர்வம் பெரிது. சென்ற ஆண்டு ஒரு மாலை நாங்கள் எடுத்துக்கொண்ட நூல் ‘எரியும் பனிக்காடு’. பி. எச். டேனியல் என்னும் மருத்துவர் ‘ரெட் டீ’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதி, 1969இல் வெளிவந்த நாவலின் தமிழாக்கம் அது. மொழிபெயர்த்தவர் இரா. முருகவேள்.

அன்று பள்ளியின் விறகுக் கொட்டகையில் நல்ல பாம்பு ஒன்று புகுந்துவிட்டது. ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். அவர் பொறுமையாகக் காத்திருந்து அதனைப் பிடித்துப் பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டினார். மலைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொல்லி, திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தினார். உள்ளே நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அவர் செவியிலும் விழுந்திருக்கிறது. ஆனைமலையில் காட்டை வெட்டித் தேயிலை பயிரிட்ட கதையை ஆசிரியர் ஒருவர் விவரித்துக்கொண்டிருந்தபோது, அவர் வாசற்படியருகே வந்து நின்று, “சாமி, தோட்டம் போடறதுக்கு மின்ன அந்தக் காட்டுல யாரு இருந்தாங்க?” என்று கேட்டார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “யாரும் இல்ல, பெரியவரே. வெறுங்காடுதான்” என்றேன் நான்.

“வெறுங்காடுன்னு ஒண்ணு இருக்குதா சாமி?” என்று சொல்லிவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

நான் சொன்ன விடை பொய். தெரிந்து சொன்ன பொய் அன்று, ஆயினும் பொய்தான். மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளில், இதே நாவலை எடுத்துக்காட்டி இரு முறை மறையுரை ஆற்றியவன் நான். தொழிலாளியின் கண்ணீரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். அந்தக் காட்டில் முன்னர் யார் இருந்தார்கள் என்ற கேள்வி ஒருபோதும் என் உள்ளத்தில் எழவில்லை. ஆகவே நாவலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அந்த இரண்டாம் வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

நாவல் செய்த நன்மை

முதலில் இப்படைப்பிற்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லிவிட வேண்டும். டேனியல் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தாம் கண்டதையும், முதிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்த பழங்கதைகளையும் கொண்டு 1920களின் தோட்ட வாழ்வை அவர் கட்டி எழுப்பினார். திருநெல்வேலிச் சீமையின் மயிலோடை என்னும் சிற்றூரில் பஞ்சத்தால் வாடும் கருப்பன், அவன் மனைவி வள்ளி ஆகிய இருவருமே கதையின் உயிர். மேஸ்திரி ஒருவன் வருகிறான், மலையில் கூலியும் சோறும் வீடும் உண்டு என்கிறான், முன்பணம் தருகிறான். அந்த முன்பணமே அவர்கள் கழுத்தில் விழும் கயிறாகிறது. இரயிலேறி, பின்னர் கால்நடையாக மலையேறி, கூரையொழுகும் குடியிருப்பு வரிசையில் அடைக்கப்படுகிறார்கள். குளிர், அட்டைக்கடி, மலேரியா, பிரம்படி, பெண்களுக்கு நேரும் மானக்கேடு, எத்தனை ஆண்டு உழைத்தாலும் தீராத கணக்கு என எல்லாவற்றையும் நாவல் ஒரு மருத்துவக் குறிப்பின் நிதானத்தோடு பதிவுசெய்கிறது.

இலக்கிய நயம் என்று பார்த்தால் குறைகள் உண்டு. கதைமாந்தர் சிலர் நல்லவர், தீயவர் என இரு கட்டமாகப் பிரிந்துவிடுகிறார்கள். பின்பகுதியில் வரும் மருத்துவர் ஆபிரகாமின் வாயிலாக ஆசிரியரே பேசுவது போன்ற உணர்வு ஏற்படுகிறது. ஆயினும் பொய்யான உருக்கம் இல்லை. கருப்பனையும் வள்ளியையும் இரக்கத்துக்குரிய பொம்மைகளாக்காமல், ஆசையும் அச்சமும் சினமும் கொண்ட மனிதராக நிறுத்தியதே டேனியலின் வெற்றி. அந்த ஆங்கில நூல் தமிழர் கைக்கு வந்து சேர ஏறத்தாழ நாற்பதாண்டு ஆயிற்று. முருகவேளின் தமிழாக்கம் 2007இல் வெளிவந்த பின்னரே நம் வீடுகளில் காலை நேரத்துக் கோப்பைக்கு ஒரு வரலாறு உண்டு என்பது பரவலாகத் தெரிந்தது.

இந்நாவலைத் தழுவி இயக்குநர் பாலா 2013இல் ‘பரதேசி’ என்னும் திரைப்படத்தை எடுத்தார். அதில் மருத்துவர் மதம் பரப்பும் ஆளாகச் சித்திரிக்கப்பட்டபோது கிறித்தவர் பலர் மனம் நொந்தோம். மூல நாவலின் மருத்துவர் அத்தகையவர் அல்லர் என்று விளக்கினோம், அது நியாயமே. ஆனால் இன்று எண்ணிப் பார்த்தால், அந்த நாவலைப் பற்றி நாம் கொண்ட கவலையெல்லாம் நம்மைப் பற்றியதாகவே இருந்தது. மருத்துவரின் பெயர் காக்கப்பட வேண்டும் என்று துடித்தோம். அந்த மலைக்கு உரியவரின் பெயர் என்ன என்று கேட்கவில்லை.

காடர் என்னும் பெயர்

அவர்களுடைய பெயர் காடர். காட்டையே பெயராகக் கொண்ட மக்கள். அவர்களோடு முதுவர், மலசர், மலைமலசர், இரவாளர், புலையர் ஆகியோரும் ஆனைமலைப் பகுதியில் வாழ்கின்றனர். காடர் ஏர் பூட்டியவர் அல்லர். தேனும் கிழங்கும் குங்கிலியமும் சேகரித்து, உயர்ந்த மரங்களில் முளையடித்து ஏறி, காட்டில் இடம் மாறி இடம் மாறி வாழ்ந்தவர். மூங்கிலில் சீப்புச் செதுக்கி மணமகளுக்கு அளிக்கும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் மொழிக்கு எழுத்து இல்லை. ஆனால் எந்த மரம் எம்மாதம் பழுக்கும், அதனை நாடி எப்பறவை வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அந்தக் காடு எத்தகையது? தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு அங்கே இருக்கிறது. ஆண்டு முழுதும் பசுமை மாறாத வெப்பமண்டல மழைக்காடு அது. வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் முதலிய பெருமரங்கள் மேலே கூரை வேய, அதன்கீழ்ச் சிறுமரங்களும் கொடிகளும் பெரணிகளும் அடுக்கடுக்காக நிற்கும். அத்தகைய காட்டின் மண் வளமானது என்றே நாம் எண்ணுவோம். உண்மை வேறு. கொட்டும் மழையில் மண்ணின் சத்துகள் கரைந்தோடிவிடும். அக்காட்டின் செல்வத்தில் பெரும்பகுதி உயிருள்ள மரங்களிலேயே தங்கியிருக்கிறது. விழுந்த இலை விரைவில் மட்கி, மண்ணில் நிலைத்து நிற்கும் முன்னரே பூஞ்சைகளாலும் வேர்களாலும் உறிஞ்சப்பட்டு மீண்டும் மரமாகிறது. வெடிப்பலாவைச் சிங்கவால் குரங்கு உண்கிறது. காட்டு அத்தியின் கனியை இருவாட்சிப் பறவை விழுங்கித் தொலைவில் விதைக்கிறது. ஒன்றின் உயிர் மற்றொன்றின் கையில். மரத்தை வெட்டினால் காட்டின் ஒரு பகுதி குறைகிறது என்பதோடு முடிவதில்லை, அச்சுழற்சியே அறுந்துபோகிறது.

1890களில் தொடங்கிய தோட்டப் பயிர், வால்பாறைப் பீடபூமியில் சுமார் 220 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை மாற்றியமைத்தது. முதலில் காப்பி, பின்னர் பெருமளவில் தேயிலை. இன்று அங்கே எஞ்சியிருப்பவை தோட்டங்களின் நடுவே தீவுகள்போல் நிற்கும் சிறுசிறு சோலைத் துண்டுகளே. அதற்கு முன்னரே தேக்குக்காக ஆனைமலை அடிபட்டிருந்தது. டாப்சிலிப் என்று நாம் வழங்கும் இடத்தின் பெயரே வெட்டிய தேக்கு மரங்களை மலைமுகட்டிலிருந்து சரித்துவிட்டதால் வந்தது. கப்பல்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் அம்மரங்கள் போயின. மலையின் மறுபுறம், பரம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டுசெல்லக் கொச்சி அரசு அமைத்த டிராம் பாதை 1907 முதல் பல ஆண்டுகள் ஓடியது. பின்னர் சமவெளியின் வயல்களுக்கு நீர் தரப் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழுந்தன. பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின. ஒவ்வொரு முறையும் காடர் எழுந்து நகர வேண்டியிருந்தது.

ஆக, கருப்பனும் வள்ளியும் மலையேறி வந்தது வெறுங்காட்டுக்கு அன்று. ஒருவர் வீட்டை இடித்துக்கொண்டிருந்த இடத்துக்கே அவர்கள் அழைத்துவரப்பட்டார்கள். இடிப்பதற்கான கைகளாகவே அழைத்துவரப்பட்டார்கள்.

இரண்டு சட்டங்கள்

இரண்டாம் வாசிப்பில் எனக்குப் புலப்பட்ட முதன்மையான உண்மை இதுவே. நாவலில் நாம் காணும் கொடுமையும், நாவலுக்கு வெளியே நிற்கும் காடரின் துயரமும் இரு வேறு கதைகள் அல்ல. ஒரே கத்தியின் இரு முனைகள் அவை.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்புக்காடுகளாக்கியது. தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்தவன் அன்று முதல் அனுமதி பெற்று நுழைய வேண்டியவனானான். 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ, முன்பணம் பெற்ற கூலியாள் ஒப்பந்தத்தை மீறிப் புறப்பட்டால் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முதற்சட்டம் காட்டினுள் இருந்தவனை வெளியே நிறுத்தியது; இரண்டாம் சட்டம் தோட்டத்தினுள் வந்தவனை வெளியேற விடாமல் தடுத்தது. ஒருவனுக்கு வேலி வெளிப்புறம், மற்றவனுக்கு உட்புறம். வேலி என்னவோ ஒன்றுதான்.

நாவலில் மக்களைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோகும் மலேரியாவையும் இவ்வாறே மீண்டும் நோக்க வேண்டும். கருப்பனின் கண்ணுக்குக் காய்ச்சல், மலையின் சாபமாகத் தெரிகிறது. காட்டைக் கண்டு அவன் அஞ்சுகிறான், அது இயல்பே. ஆனால் வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் காடு அழிக்கப்பட்ட இடங்களில்தான் மலேரியா பெருகியிருக்கிறது. மரநிழல் அகன்று வெயில் படும் ஓடைகளும் தேங்கிய நீரும் சிலவகை அனாபிலஸ் கொசுக்களுக்குத் தொட்டிலாகின்றன. அங்கே நோய்க்கு எதிர்ப்பாற்றல் இல்லாத ஆயிரக்கணக்கானோரைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்து நெருக்கி அடைத்தால் விளைவு வேறென்னவாக இருக்கும்? காட்டின் சாபம் என்று நாம் வாசித்தது பெரும்பாலும் கோடரியின் சாபம்.

திணை என்னும் அளவுகோல்

இந்நாவலை மதிப்பிட மேலைநாட்டுக் கோட்பாடுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் தொல்காப்பியமே நல்லதோர் அளவுகோலைத் தந்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். மனித உள்ளத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே திணை. மனிதனை அவன் மரத்திலிருந்தும் பறவையிலிருந்தும் பிரித்துப் பேச நம் முன்னோர் விரும்பவில்லை.

இவ்வளவுகோலை வால்பாறை மீது வைத்துப் பாருங்கள். முதற்பொருள் அதே மலை, அதே மழை. கருப்பொருளோ முற்றிலும் பெயர்த்தெறியப்பட்டது. பல நூறு வகை மரங்கள் நின்ற இடத்தில் ஒரே ஒரு செடி. அதுவும் அந்நிலத்துக்கு அயலானது. அதற்கு நிழல் தர நட்ட சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. உழைப்பவர் நெல்லையிலிருந்து வந்தார். உடைமையாளர் கடல் கடந்து வந்தார். கருப்பொருளை இழந்த நிலத்தில் உரிப்பொருளாக எஞ்சியது இரங்கல் ஒன்றே. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் காட்டும் கருத்து. நாம் பாலை என்றால் வறண்ட மணலை நினைக்கிறோம். ஆனைமலையில் உருவானதோ பச்சை நிறத்துப் பாலை. பார்ப்பவர் கண்ணுக்கு அழகு. சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். இருவாட்சிக்கும் காடருக்கும் அங்கே இடம் இல்லை. தேயிலை பறிப்பவளுக்குச் சொந்தமாக ஒரு முழ நிலமும் இல்லை.

‘எரியும் பனிக்காடு’ அந்தப் பாலையின் இரங்கலைப் பாடுகிறது. அது பாலையான விதத்தைப் பாடவில்லை. இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. மருத்துவர் தம் முன் வந்து படுத்த நோயாளியைப் பற்றியே எழுதுவார். டேனியல் தம் கடமையைச் செய்தார். அந்நாவல் நிறுத்திய இடத்தையே உலகின் எல்லை என்று கொண்டதுதான் வாசகராகிய நம் பிழை.

அதனை ஈடுசெய்யத் தமிழிலேயே துணைநூல்கள் உண்டு. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ 1963இல் வெளிவந்தது. நீலகிரிப் படகர் வாழ்வில் பணப்பயிரும் புதுக்காலமும் புகுந்த கதையை அது சொல்கிறது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004இல் வெளிவந்தது. திம்பம் மலைப்பகுதிச் சோளகர் நிலத்தை இழந்ததையும், பின்னர் வீரப்பன் தேடுதல் வேட்டையின் பெயரால் அவர்கள் பட்ட வதையையும் அது சொல்கிறது. அவ்வதைகள் கற்பனை அல்ல. தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. இம்மூன்று நாவல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பும். தனித்துப் படிப்பவருக்கு ஒரு கண்தான் திறக்கும்.

நாபோத்தின் தோட்டம்

விவிலியம் அறிந்தவருக்கு அரசர் முதல் நூலின் இருபத்தோராம் அதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. ஆகாபு அரசன் நாபோத்திடம் நியாயமாகவே கேட்டான்: மாற்றாக வேறு தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். இக்காலத்து மொழியில் சொன்னால் அது மறுவாழ்வுத் திட்டம். நாபோத்து மறுத்ததற்குக் காரணம், அது மூதாதையர் உடைமை என்பதே. விற்கக்கூடிய பொருளாக அவன் அதனைக் காணவில்லை. பின்னர் பொய்ச்சாட்சி வந்தது, கல்லெறி வந்தது, உடைமை மாறியது. எலியா வந்து நின்று கேட்டது கொலையைப் பற்றி மட்டுமன்று. கொன்றதோடு கைப்பற்றியும் கொண்டாயோ என்பதே அவர் வினா.

நம் மறையுரைகளில் ஆகாபின் தோட்டத்தில் உழைத்த கூலியாட்களுக்காகப் பரிந்து பேசியிருக்கிறோம், பேசத்தான் வேண்டும். நாபோத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் மண்ணுலகைக் கீழ்ப்படுத்தும்படி சொல்லப்பட்டதை விரும்பி மேற்கோள் காட்டியவர்கள், அடுத்த அதிகாரத்தில் தோட்டத்தைப் பேணிக் காக்கும்படி மனிதன் வைக்கப்பட்டதை விரைந்து கடந்துவிட்டார்கள். குருமடத்தில் நான் இரண்டையும் படித்தேன். தேர்வுக்கு எழுதியது முதல் அதிகாரத்தைப் பற்றித்தான்.

அமேசான் கற்றுத்தரும் பாடம்

ஒரு கேள்வி எழலாம். தொழிலாளியும் ஏழை, காடரும் ஏழை. இருவரையும் எதிரெதிரே நிறுத்தலாமா? நிறுத்தக் கூடாது. அதற்குப் பிரேசில் நாட்டிலிருந்து ஒரு சான்று தருகிறேன்.

அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியில் 1877இல் கொடிய வறட்சி தொடங்கியது. பஞ்சத்தில் வாடிய ஏழைகள் அமேசான் மழைக்காட்டுக்கு ரப்பர்ப் பால் எடுக்கச் சென்றார்கள். முன்கடன், தீராத கணக்கு, வெளியேறத் தடை என எல்லாம் கருப்பன் கண்டதே. காட்டின் ஆதிக்குடிகளைத் துரத்தவும் இந்த ஏழைகளே ஏவப்பட்டார்கள். இரு தரப்பாருக்கும் இடையே தலைமுறைக் கணக்கில் பகை நிலவியது. ஆனால் 1980களில் மேய்ச்சல் நிலத்துக்காகக் காடு எரிக்கப்பட்டபோது, ரப்பர்த் தொழிலாளரும் ஆதிக்குடிகளும் ‘காட்டு மக்களின் கூட்டணி’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். தொழிலாளர் தலைவர் சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காட்டின் ஏழை உழவர்களோடு நின்ற அருட்சகோதரி டாரதி ஸ்டாங் 2005 பிப்ரவரியில், தமது எழுபத்து மூன்றாம் அகவையில் கொல்லப்பட்டார்.

2019 அக்டோபரில் அமேசானுக்கான ஆயர் மாமன்றம் கூடியது. அதன்பின் 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஊக்கவுரையில், மறைபரப்பாளர் எப்போதும் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டார். திருச்சபையின் தலைவர் கேட்ட மன்னிப்பு, பங்குக் குருவாகிய எனக்கும் உரியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டிலும் இவ்விரு துயரங்களும் இன்று ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மாஞ்சோலைத் தோட்டங்களில், குத்தகை முடியும் 2028க்கு முன்னரே, 2024இல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று மலையிறங்கும்படி கேட்கப்பட்டார்கள். பல தலைமுறை உழைத்தும் மலையில் அவர்களுக்கென ஒரு சென்ட் நிலம் இல்லை. வால்பாறையை அடுத்த கல்லாறு என்னும் காடர் குடியிருப்பு 2019 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மண்சரிவால் சேதமுற்றது. தம் காட்டிலேயே பாதுகாப்பான மேட்டில் குடியேற அவர்கள் விரும்பினார்கள், வனத்துறை தடுத்தது. தேயிலைத் தோட்டத்தின் பழைய தொழிலாளர் குடியிருப்பில் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். எண்ணிப் பாருங்கள்: கருப்பனும் வள்ளியும் அடைக்கப்பட்ட அதே வகை வரிசை வீடுகளுக்கு, நூறாண்டுக்குப் பின் காடரும் வந்துசேர்ந்தார்கள். எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதத் தயங்கும் முடிவு இது. நெடிய போராட்டத்துக்குப் பின்னர், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, 2021இல் தெப்பக்குளமேட்டில் அவர்கள் இடம் பெற்றார்கள். மலையின் மறுபுறம் கேரளத்து வாழச்சாலில் ஒன்பது காடர் ஊர்களுக்கு 2014இலேயே சமூக வன உரிமை கிடைத்திருந்தது. இருவாட்சிக் கூடுகளைக் காக்கும் பணியில் காடரே அங்கு முன்னிற்கிறார்கள். உரிமை கிடைத்த இடத்தில் காடும் பிழைக்கிறது.

நம் ஏரிக்கரையில்

ஆனைமலை நமக்கு நெடுந்தொலைவு. ஆனால் செஞ்சியின் பாறைக் குன்றுகளுக்கு இடையே, பக்கமலைப் பகுதியில், கிழக்குக் கரைக்கே உரிய உலர் பசுமைக் காட்டின் எச்சம் இன்றும் உண்டு. இப்பகுதி இருளர் ஒருகாலத்தில் காட்டையே வீடாகக் கொண்டவர்கள். காடு சுருங்கியது, எஞ்சியது காப்புக்காடாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் பாம்புத்தோல் வாணிபமும் நின்றது. பாம்புகளைக் காக்க அது தேவையான சட்டமே. ஆனால் பிழைப்பிழந்த மக்களுக்கு மாற்றாக எழுந்தவை மிகச் சில; 1978இல் சென்னையை அடுத்து அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவற்றுள் ஒன்று. எண்ணற்ற இருளர் செங்கற்சூளைக்கும் மரம்வெட்டும் வேலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போனார்கள். கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, முன்பணம் ஒழியவில்லை.

இங்கேதான் அந்தப் பெரியவரின் கேள்வி என்னை வந்து அறைகிறது. காடரின் இழப்பும் கருப்பனின் அடிமைத்தளையும் அவர் ஒருவர் உடலிலேயே கூடியிருக்கின்றன. காட்டை இழந்தவரும் அவரே. முன்பணத்தில் சிக்கியவரும் அவரே. நூலைப் படிக்காமலேயே, அதில் எழுதப்படாத பக்கம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர் குடும்பத்தாருக்குப் பழந்துணி கொடுத்திருக்கிறோம். அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சாதிச்சான்று கிடைத்ததா, பள்ளிக்குப் போகிறார்களா, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா உண்டா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நல்ல நாவல்களைப் படித்து உருகிய நாமே, வாசலில் நின்றவர் கேட்டபோது சிரித்தோம்.

சில வாரங்கள் கழித்து அவரைத் தேடி ஏரிக்கரைக்குப் போனேன். “அன்னைக்கு நான் சொன்னது தப்பு, பெரியவரே. அந்தக் காட்டுல காடர்னு ஒரு சனம் இருந்தாங்க, இன்னைக்கும் இருக்காங்க” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “தேன் எடுப்பாங்களா சாமி?” என்று மட்டும் கேட்டார். எடுப்பார்கள் என்றேன். நெடுநாள் பிரிந்த உறவினரைப் பற்றிச் செய்தி கேட்டவர்போல் தலையசைத்துக்கொண்டார்.

எங்கள் வாசகர் வட்டம் அடுத்து எடுத்துக்கொள்ளும் நூல் ‘சோளகர் தொட்டி’. பங்கு மன்றத்தில் அன்று, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் கூடுவதாக முடிவு செய்திருக்கிறோம். அவருக்கு எழுத்து தெரியாது. கல்லூரி மாணவி ஒருத்தி உரக்கப் படிக்கச் சம்மதித்திருக்கிறாள். சான்றுகளுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் எழுத, ஓய்வுபெற்ற தபால் அலுவலர் தாளும் பேனாவும் கொண்டுவருவார். பெரியவரிடம் இதனைச் சொன்னபோது அவர் தந்த விடை இது: “வாங்க சாமி. சந்தை இல்லாத நாளாப் பாத்து வாங்க. நாங்களும் சொல்றதுக்குக் கொஞ்சம் இருக்குது.”